ஓர் ஓடையும் ஒரு கோடும்

நிலப்படத்தை விரித்து நாட்டெல்லைகளைப் பயிலும் மாணவர்க்கு ஆறுகள் பெருந்துணை புரிகின்றன. றைன் நதி பிரான்சையும் ஜேர்மனியையும் பிரிக்கின்றது; மேக்கொங் நதி தாய்லாந்தையும் லாவோசையும் பிரிக்கின்றது; றியோ கிராண்டே ஐக்கிய அமெரிக்காவையும் மெக்சிக்கோவையும் பிரிக்கின்றது. இவ்வாறு எழுதிப் பழகிய நாம், "பிரிக்கின்றது" என்னும் சொல்லை ஒருகாலும் நின்று நோக்குவதில்லை. பிரிப்பது ஆறுதானா? அன்றி, ஆற்றின்மேற் கோடு கீறிய மனிதரா?

இவ்வினாவைப் பெருநதிகளிடம் கேட்டுப் பயனில்லை. அவற்றின் அகலமும் ஆழமுமே நம்மை மயக்கிவிடும். எனவே, சிறுவனொருவன் ஓடிவந்து தாவினாற் கடந்துவிடக்கூடிய ஓர் ஓடையை இன்று எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் தான்பாக். ஜேர்மனியின் நடுப்பகுதியிலே, பவேரியா மாநிலமும் துரிங்கியா மாநிலமும் சந்திக்குமிடத்தில், மேட்லறோயிற் என்னும் சிற்றூரின் நடுவாக அது ஓடுகின்றது. பாடசாலை நிலப்படங்களில் இவ்வோடையைத் தேடினால் அகப்படாது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் வரலாறு இதன் கரையில் நின்று சென்றிருக்கின்றது.

நிலமும் பெயரும்

ஓடையின் பெயரிலிருந்தே தொடங்குவோம். ஜேர்மன் மொழியிற் "பாக்" என்பது ஓடை. "தானெ" என்பது குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலை மரம். ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள "றோயிற்" என்பதற்குக் காடு வெட்டித் திருத்திய நிலம் என்பது பொருள். இசைவிழாக்களாற் பெயர்பெற்ற பைறோயிற் நகரின் பெயரும் இவ்வாறே முடிவதைக் காணலாம். ஆகவே, இப்பகுதி ஒருகாலத்தில் அடர்ந்த காடாயிருந்ததென்பதும், மக்கள் மரங்களை வெட்டி வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கிக் குடியேறினரென்பதும் ஊர்ப்பெயர்களாலேயே விளங்கும்.

இவ்வூருக்குத் தெற்கே பிக்டெல் மலைத்தொடர் இருக்கின்றது. புவியியல் மாணவர் இம்மலைத்தொடரை மறத்தலாகாது. இதிலிருந்து நான்கு ஆறுகள் நான்கு திசைகளில் ஓடுகின்றன. மைன் ஆறு மேற்கே சென்று றைனுடன் கலக்கின்றது. நாப் ஆறு தெற்கே சென்று தன்யூப்பிற் சேர்ந்து கருங்கடலை நோக்குகின்றது. ஏகர் ஆறு கிழக்கே பொகீமியாவினுட் புகுகின்றது. சாலெ ஆறு வடக்கே செல்கின்றது. நமது தான்பாக்கின் நீர் சாலெ ஆற்றைச் சென்றடைந்து, அதனுடன் எல்பே ஆற்றிற் புகுந்து, ஈற்றில் வடகடலைச் சேர்கின்றது. ஓடையின் இடக்கரையில் விழுந்த மழையும் வலக்கரையில் விழுந்த மழையும் ஒரே கடலுக்கே செல்கின்றன. இயற்கையின் கணக்கிலே இரு கரைகளும் ஒரே வடிநிலம். நீரைப் பகுக்கும் மலைமுகடு வேறோரிடத்தில் இருக்கின்றது. இவ்வோடை எல்லையானது இயற்கை செய்த ஏற்பாடன்று என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

கோடு பிறந்த வகை

பழைய ஜேர்மனி ஒரு நாடன்று. நூற்றுக்கணக்கான சிற்றரசர்களும் பிரபுக்களும் ஆயர்களும் துண்டு துண்டாக ஆண்ட நிலப்பரப்பு அது. பதினாறாம் நூற்றாண்டளவிலே இவ்வோடையின் ஒருபுறம் பிராண்டன்பேர்க்கு மரபினரான பைறோயிற் பிரபுக்களின் ஆட்சியிலும், மறுபுறம் றோயிஸ் குடும்பத்துப் பிரபுக்களின் ஆட்சியிலும் அமைந்தன. இருவர் நிலத்தையும் பிரித்துக்காட்ட அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. மலையுமில்லை, பெருநதியுமில்லை, அருகில் ஓடிய சிற்றோடையே அடையாளமாயிற்று. அதன் இருகரையிலும் வீடுகள் எழுந்து ஒரே ஊராக விளங்கியமை பிரபுக்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

பின்னர் நெப்போலியன் காலம் வந்தது. பைறோயிற் நிலப்பகுதி அவன் கைப்பட்டு, 1810 ஆம் ஆண்டிலே பவேரிய அரசுக்கு மாறியது. அவ்வாண்டில் ஓடைக்கரையிலே எல்லைக் கற்கள் நாட்டப்பட்டன. கல்லின் ஒருபுறத்திற் பவேரிய இராச்சியத்தைக் குறிக்கும் எழுத்துகளும் மறுபுறத்தில் றோயிஸ் சிற்றரசைக் குறிக்கும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. அக்கற்களுட் சிலவற்றை இன்றும் அங்கே காணலாம்.

இக்கற்களால் ஊர் மக்களின் வாழ்க்கை பெரிதும் மாறவில்லை. ஊரின் பள்ளிக்கூடமும் தவறணையும் துரிங்கியக் கரையில் இருந்தன. இருகரைப் பிள்ளைகளும் அங்கேயே படித்தனர், இருகரைப் பெரியோரும் அங்கேயே கூடினர். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்கோ பவேரியப் பக்கத்திலுள்ள தேப்பன் என்னும் ஊரின் தேவாலயத்திற்குச் சென்றனர். கொள்வனையும் கொடுப்பனையும் ஓடையைக் கடந்தே நடந்தன. வரி செலுத்துமிடம் மட்டுமே வேறாயிருந்தது.

யாழ்ப்பாணத்து வேலிகளை அறிந்த வாசகர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். கதியால் நட்டு, ஓலை வரிந்து, இரு வளவுகளுக்கிடையே வேலி அடைக்கின்றோம். இது என் நிலம், அது உன் நிலம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேலியின் ஓரிடத்திற் பொட்டு ஒன்று இருக்கும். அப்பொட்டின் வழியாக அடுப்புக்கு நெருப்பும், கறிக்கு உப்பும், பிள்ளைகளும், ஊர்ச் செய்தியும் போய்வரும். வேலி உரிமையைக் காட்டியது. பொட்டு உறவைக் காத்தது. தான்பாக் ஓடை ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பொட்டுள்ள வேலியாகவே இருந்தது.

இலண்டனிற் கீறிய கோடு

1871 ஆம் ஆண்டிலே ஜேர்மனி ஒரே பேரரசாயிற்று. அதன்பின் ஓடையின் எல்லை மாநில எல்லையாக மட்டுமே நின்றது. முதலாம் உலகப் போர் முடிந்து முடியரசுகள் வீழ்ந்தபின், றோயிஸ் நிலம் 1920 ஆம் ஆண்டிலே துரிங்கியா என்னும் புதிய மாநிலத்துடன் சேர்ந்தது. இவ்வாறே விட்டிருந்தால் அந்த எல்லைக் கற்கள் பாசி படர்ந்து பழம்பொருளாகியிருக்கும்.

ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1944 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், போர் முடியுமுன்னரே, நேசநாடுகளின் பிரதிநிதிகள் இலண்டனிற் கூடித் தோல்வியுறப்போகும் ஜேர்மனியை எவ்வாறு பங்கிட்டு ஆள்வதென்று உடன்பாடு செய்தனர். படைகள் நிற்கவேண்டிய எல்லையைப் புதிதாகக் கீற அவகாசமில்லை. ஆகவே ஜேர்மனியின் பழைய மாநில எல்லைகளையும் மாவட்ட எல்லைகளையுமே எடுத்துக்கொண்டனர். துரிங்கியா சோவியத் வலயத்திலும் பவேரியா அமெரிக்க வலயத்திலும் அடங்கின. அம்முடிவைச் செய்தவர்கள் மேட்லறோயிற் என்னும் ஊரைப் பற்றி நினைத்திருக்க நியாயமில்லை. ஆயினும் பிரபுக்கள் வரிக்காகப் பகுத்த ஓடை, உலக வல்லரசுகள் இரண்டின் எல்லையாக அன்றே மாறிவிட்டது.

1945 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அமெரிக்கப் படைகளே துரிங்கியாவைக் கைப்பற்றின. உடன்பாட்டின்படி ஜூலை மாதத் தொடக்கத்தில் அவை விலகிக்கொள்ள, சோவியத் படைகள் வந்தன. முதற்சில ஆண்டுகள் ஊர்மக்கள் அனுமதிச்சீட்டுடன் ஓடையைக் கடந்து வயலுக்கும் பள்ளிக்கும் சென்று வந்தனர். 1949 ஆம் ஆண்டில் மேற்கே கூட்டாட்சிக் குடியரசும் கிழக்கே சனநாயகக் குடியரசும் தனித்தனி நாடுகளாகத் தோன்றின. ஓடைக்கு இப்புறம் ஒரு நாடு, அப்புறம் மறுநாடு என்றாயிற்று. எனினும் பொட்டு இன்னும் முற்றாக அடைபடவில்லை.

பொட்டு அடைபட்டது

1952 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் நாள் கிழக்கு ஜேர்மன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. எல்லை நெடுகிலும் பத்து மீற்றர் அகலத்திற்கு நிலம் உழுது வெறுமையாக்கப்பட்டது. அதிற் காலடி வைப்பது தடை. அதன்பின் 500 மீற்றர் அகலமான காவற்பட்டை. அதன்பின் ஐந்து கிலோமீற்றர் அகலமான தடைவலயம். வலயத்தினுள் வாழ்வோர் தனி அனுமதி பெறவேண்டும்; வெளியார் எளிதில் நுழைய முடியாது. "நம்பத்தகாதவர்" எனக் கருதப்பட்ட 8,000 இற்கும் மேற்பட்டோர் எல்லையோரத்து வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு உள்நாட்டிற் குடியேற்றப்பட்டனர். இச்செயலுக்கு அதிகாரிகள் இட்ட மறைபெயர்களுள் ஒன்று "புழுபூச்சிகள்" எனப் பொருள்படுவதாகும். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு, ஏற்றக்கூடிய பொருளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனவர்களை அவ்வரசு எவ்வாறு மதித்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

மேட்லறோயிற்றிலே அவ்வாண்டு ஆளுயரத்திற்கு மேற்பட்ட பலகை வேலி எழுந்தது. பிறகு முட்கம்பி வந்தது. 1966 ஆம் ஆண்டிலே, ஊரின் நடுவே, ஏறத்தாழ 700 மீற்றர் நீளத்திற்கு, மூன்று மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில், கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பப்பட்டது. காவற் கோபுரமும் இரவைப் பகலாக்கும் விளக்குகளும் வந்தன. பேர்லின் நகரைப் பிளந்த சுவருக்கு இது தம்பி போன்றிருந்தமையால், அங்கு வந்த அமெரிக்கப் போர்வீரர் இவ்வூரைச் "சிறு பேர்லின்" என்று அழைத்தனர்.

இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பமொன்று உண்டு. சுவர் எல்லைக்கோட்டின்மேல் நிற்கவில்லை. எல்லைக்கோடு ஓடையில் இருந்தது. "ஓடையின் நடுவே எல்லை" என மேற்குப்புறத்தார் எச்சரிக்கைப் பலகை நாட்டினர். சுவரோ கிழக்குக் கரையில், கிழக்கு ஜேர்மன் நிலத்தினுள் நின்றது. எவரேனும் சுவரைத் தாண்டிவிட்டாலும் அவர் இன்னும் கிழக்கு மண்ணிலேயே நிற்பார். ஓடையையும் கடந்த பின்னரே தப்பியவராவார். சுவருக்கும் நீருக்குமிடையே கிடந்த அந்தச் சில அடி நிலம் உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட நிலமாயிருந்தது. 1973 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருவர் ஏணியொன்றின் துணையால் இச்சுவரைத் தாண்டி மேற்கே சேர்ந்தார். அவ்வாறு தப்பும் பேறு பெற்றோர் மிகச் சிலர். 1,393 கிலோமீற்றர் நீண்ட அவ்வெல்லை முழுவதிலும் உயிரிழந்தோர் பல நூற்றுவர்.

ஊரின் கிழக்குப் பாதியில் வாழ்ந்தோரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். இரவில் வெளியே நடமாடத் தடை. வெளியூர் உறவினர் வந்து தங்கத் தடை. மேற்குக் கரையில் நிற்கும் உறவினரை நோக்கிக் கையசைப்பதற்கும் தடை. மேற்குக் கரையில் நின்றோர் கையசைக்கலாம், கூவி அழைக்கலாம், ஆனால் அதற்கு மறுமொழி வராது. முகம் தெரியும் தூரத்தில் நிற்கும் உடன்பிறந்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக நேர்ந்தது. அது பகைமையாலன்று, பார்த்துக்கொண்டிருக்கும் காவற் கோபுரத்தினால்.

1972 ஆம் ஆண்டு திசெம்பரில் இரு ஜேர்மனிகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பயனாக, மேற்கே எல்லையோர மாவட்டங்களில் வாழ்ந்தோர் கிழக்கே சென்று வருவதற்கு வசதி ஏற்பட்டது. ஆனால் தடைவலயத்தினுட் செல்ல அவர்களுக்கு இசைவில்லை. ஆகவே மேற்கு மேட்லறோயிற் வாசி ஒருவர் கிழக்கே பல மைல் தூரத்திலுள்ள நகரங்களைச் சுற்றிப் பார்க்கலாம். தம் வீட்டு வாசலிலிருந்து தெரியும் கிழக்கு மேட்லறோயிற்றினுட் புகமுடியாது.

வெளியுலகத்தார் பேருந்துகளில் வந்து இக்காட்சியைப் பார்த்துச் சென்றனர். 1983 ஆம் ஆண்டு பெப்ரவரியில், அக்காலத்து அமெரிக்க உப சனாதிபதி ஜோர்ஜ் புஷ் இவ்வூருக்கு வந்து சுவரைப் பார்வையிட்டார். சுவருக்கு அப்பால் வாழ்ந்தோர் தம் ஊரைக் காண வந்த கூட்டத்தைச் சன்னற்சீலைகளுக்குப் பின்னின்றே பார்த்திருத்தல் கூடும்.

மீண்டும் திறந்த வழி

1989 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 9 ஆம் நாள் இரவு பேர்லின் சுவர் திறந்துகொண்டதை உலகம் அறியும். மேட்லறோயிற் மக்களோ அதன்பின் இன்னும் ஒரு மாதம் காத்திருந்தனர். திசெம்பர் மாதம் 9 ஆம் நாள் சுவரில் ஒரு வழி திறக்கப்பட்டு, நடந்து செல்வோர் கடக்க இடமளிக்கப்பட்டது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஊரார் ஊராரைச் சென்று கண்டனர். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17 ஆம் நாள், மண்வாரி இயந்திரம் கொண்டு சுவர் இடிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 3 ஆம் நாள் இரு நாடுகளும் ஒன்றாயின.

சுவரில் ஏறத்தாழ நூறு மீற்றர் நீளத்தை மட்டும் இடிக்காது விட்டனர். காவற் கோபுரமும் வேலிகளும் உடன் காக்கப்பட்டு, அவ்விடம் ஓர் அருங்காட்சியகமாயிற்று. துன்பம் தந்ததை அடியோடு பெயர்த்தெறிய வேண்டுமென்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வூரார் அவ்வாறு செய்யாது, பின்வரும் பிள்ளைகளுக்குக் கண்ணாற் காட்ட ஒரு துண்டை வைத்துக்கொண்டனர். 2015 ஆம் ஆண்டிலே ஜேர்மன் தொலைக்காட்சியில் இவ்வூர்க் கதையைத் தழுவிய தொடர் ஒன்று ஒளிபரப்பாயிற்று. அதற்கு இவ்வோடையின் பெயரையே இட்டனர்.

வேறொரு செய்தியும் இங்கே குறிப்பிடத் தக்கது. மேட்லறோயிற்றில் வழி திறந்த அதே திசெம்பர் 9 ஆம் நாள், அண்மையிலுள்ள ஹோப் நகரிலே, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இயற்கை ஆர்வலர் சில நூற்றுவர் முதன்முறையாகக் கூடினர். நாற்பது ஆண்டுகளாக மனிதர் புகாத எல்லைப்பட்டையிலே அரிய பறவைகளும் செடிகளும் பெருகியிருந்தன. அப்பட்டையை உழவுக்கும் வீதிக்கும் விட்டுவிடாது "பசும்பட்டை"யாகக் காக்கவேண்டுமென அக்கூட்டத்திலே தீர்மானித்தனர். இன்று அது ஜேர்மனியின் பெரும் இயற்கைப் பாதுகாப்பு முயற்சிகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

அப்பகுதிச் சிற்றோடைகளிலே முத்துச் சிப்பிகள் வாழ்கின்றன என்றால் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை அறிந்த நமக்கு வியப்பாயிருக்கும். அவை நன்னீர்ச் சிப்பிகள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த, தெளிந்த, குளிர்ந்த நீரிலேதான் அவை வாழும். அவற்றின் குஞ்சுகள் முதலில் ஒருவகை ஆற்றுமீனின் பூக்களிற் பற்றி வளர்ந்து, பின்னர்ப் பரல்மணலிற் புதைந்து பல ஆண்டுகள் கிடந்து, அதன்பின்னரே வெளிவரும். நூறாண்டு வாழும் சிப்பிகளும் உள. நம் கடலின் முத்துக்குளிப்பை ஆட்சியாளர் தமதாக்கிக்கொண்டது போலவே, 1621 ஆம் ஆண்டில் அயலிலுள்ள சாக்சனி அரசும் ஆற்று முத்தைத் தன் உரிமையாக்கிக்கொண்டது. பிற்காலத்தில் ஆலைக்கழிவாலும் வயல்களிலிருந்து கழுவுண்டு வந்த மண்ணாலும் பசளையாலும் ஐரோப்பாவெங்கும் இச்சிப்பி அருகிவிட்டது. பவேரியாவும் சாக்சனியும் பொகீமியாவும் சந்திக்கும் மூலையிலே, எல்லையோரமென மனிதர் ஒதுங்கியிருந்த சில ஓடைகளில் அது எஞ்சி நிற்கின்றது. இளஞ்சிப்பிகள் மிகக் குறைவாதலால், அவ்வினத்தைக் காக்க மூன்று பக்கத்தாரும் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கின்றது. ஓடை ஒருபுறம் தெளிந்தும் மறுபுறம் கலங்கியும் ஓடுவதில்லை அன்றோ? இதனைச் சுவரின் நன்மை என எவரும் கூறற்க. மனிதர் துன்புற்ற இடத்திலே சிப்பி பிழைத்தது தற்செயல். துன்பம் நீங்கிய பின்னும் அது பிழைக்குமாறு செய்வதே மனிதரின் பொறுப்பு.

கோடு இன்றும் உண்டு

இனி, இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வருவோம். சுவர் இடிந்தது, நாடுகள் ஒன்றாயின. ஆகவே ஓடையின்மேல் இருந்த கோடும் அழிந்துவிட்டது என்று வாசகர் எண்ணக்கூடும். அது அழியவில்லை. இன்றும் தான்பாக் ஓடை பவேரியாவுக்கும் துரிங்கியாவுக்கும் எல்லையாகவே இருக்கின்றது. ஏறத்தாழ ஐம்பது பேரே வாழும் அவ்வூரின் மேற்குப் பாதி தேப்பன் ஊராட்சியைச் சேர்ந்தது. கிழக்குப் பாதி கெபெல் நகராட்சியைச் சேர்ந்தது. இரண்டு ஊர்த் தலைவர். இரண்டு அஞ்சற் குறியீடு. இரண்டு தொலைபேசி எண்தொகுதி. வாகன இலக்கத் தகடுகளிலே வெவ்வேறு எழுத்துகள். பாடசாலை விடுமுறைகளும் வேறு வேறு. வணக்கம் கூறும் முறையிற்கூட வேறுபாடு உண்டு: மேற்கே கடவுளின் பெயரைக் கூறி வாழ்த்துவர், கிழக்கே "நன்னாள்" என்று வாழ்த்துவர்.

இவற்றையெல்லாம் கேட்டு ஊரார் வருந்துகின்றனரா? இல்லை. ஊர்விழாக்களை ஒன்றாகக் கொண்டாடுகின்றனர். ஓடைமேலுள்ள பாலத்தில் நாள்தோறும் போய் வருகின்றனர். 1810 ஆம் ஆண்டில் எந்த இடத்திற் கோடு இருந்ததோ, அதே இடத்திலேயே 1966 ஆம் ஆண்டிலும் இருந்தது. அதே இடத்திலேயே இன்றும் இருக்கின்றது. முதலில் அது வரிக்கணக்கு; இடையில் அது துப்பாக்கி; இன்று அது அஞ்சற் குறியீடு. கோடு மாறவில்லை, கோட்டின்மேல் அரசுகள் ஏற்றிய சுமையே மாறியது.

எல்லைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராய் இருக்கின்றனர். எல்லையே மனிதகுலத்தின் தீமை, அதனை அழித்தால் எல்லாம் சரியாகும் என்பர் ஒரு சாரார். எல்லையை உயர்த்திக் கட்டினாலன்றி நமக்கு வாழ்வில்லை என்பர் மற்றொரு சாரார். மேட்லறோயிற் இவ்விரு கூற்றையும் மறுக்கின்றது. அங்கே கோட்டை அழிக்காமலே மக்கள் ஒன்றாக வாழ்கின்றனர். சுவரை உயர்த்திய காலத்திலோ சுவரைக் கட்டியவருக்கும் அச்சம் நீங்கவில்லை. தன் மக்கள் தன்னை விட்டு ஓடிவிடுவர் என்று அஞ்சிய அரசு கட்டிய சுவர் அது. அதன் காவலர் தம் சொந்த மக்களையே காவல் செய்தனர்.

ஆகவே, ஓர் எல்லையைப் பற்றி ஆராயும் மாணவர் அது எங்கே செல்கின்றது என்பதோடு நின்றுவிடலாகாது. அதனைக் கீறியவர் யார், எதற்காகக் கீறினர் என்று கேட்டல் வேண்டும். அதன் இருபுறத்தும் வாழ்வோர் நோயுற்றால், மணமுடித்தால், மரணமடைந்தால் ஒருவரிடம் ஒருவர் போய்வர இயலுமா என்று கேட்டல் வேண்டும். அதன் குறுக்கே ஓடும் நீரை இருபுறத்தாரும் சேர்ந்து காக்கின்றனரா என்றும் கேட்டல் வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை நிலப்படத்தில் அகப்படாது. வரலாற்றிலும் மக்கள் வாழ்விலுமே அகப்படும்.

நம் தீவிலிருந்து பிறநாட்டிற்கு ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஆயினும் ஊருக்கும் ஊருக்கும் இடையே, மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே ஓடும் ஆறுகளும் வாய்க்கால்களும் எத்தனையோ உள. இளம் வாசகர்கள் அடுத்த விடுமுறையிலே தம் ஊரெல்லையாகிய வாய்க்கால் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். அது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, அதன்மேல் முன்னர் இருந்த பாலம் எது, இருகரையாரும் எந்தப் பள்ளியிற் படித்தனர், எந்தச் சந்தையிற் கூடினர், எந்தக் கோயில் விழாவிற்குப் போய்வந்தனர் என்பவற்றைப் பாட்டன் பாட்டியரைக் கேட்டு எழுதட்டும். வேலி எங்கே என்று சொல்லப் பலர் இருப்பர். பொட்டு எங்கே இருந்தது என்று அறிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் முதலிற் செல்வது நன்று.